ஏற்கப்படாத கூடு

1930ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், பம்பாய்க்குத் தெற்கே கிஹீம் என்னும் கடற்கரைச் சிற்றூரில், பறவை ஆய்வாளர் சலீம் அலி தூக்கணாங்குருவிகளின் கூடமைப்பைப் பொறுமையுடன் கவனித்து எழுதிய செய்திகள், பறவையியலார்க்கு மட்டுமன்றித் தத்துவ விசாரம் செய்வோர்க்கும் உரியவை என்பது என் துணிபு.

ஆண்குருவி புல்லிதழின் ஓரத்தை அலகால் கடித்து, பறந்தெழும் வேகத்திலேயே நீள நாராகக் கிழித்து வந்து, தலைகீழாகத் தொங்கிய வண்ணம் முடிச்சிட்டுப் பின்னி, கவிழ்த்த தலைக்கவசம்போல் கூடு பாதி உருப்பெற்றதும் சிறகடித்துப் பெடையை அழைக்கிறது. பெடையோ உள்ளே புகுந்து சோதித்துப் பார்த்து, மனம் ஒவ்வாவிடின் பறந்துபோகிறது. அது இசைந்தால்தான் முட்டையறையும் நீண்ட நுழைவுக்குழாயும் பூர்த்தியாகும். எப்பெடையும் ஏற்காத கூடு அரைகுறையாகவே காற்றில் ஆடிக் காய்கிறது.

ஆண்குருவியின் இவ்வுழைப்பை நிஷ்காம கர்மம், அதாவது பலன் கருதாத செயல், என்று புகழ்வோரின் கூற்று எனக்கு உடன்பாடன்று. பெடை நெருங்குகையில் அச்சிறகுகள் படும் பரபரப்பைக் கண்டவர் எவரும் அக்குருவியைத் துறவி என்னார். ஆயினும், பலனை அத்துணை வேண்டிய அக்குருவி, பலன் மறுக்கப்பட்டபின் அடுத்த கூட்டின் முதல் முடிச்சை அதே சிரத்தையுடன் இடுகிறதே! வெற்றி தோல்விகளில் சமநிலையைக் கீதை போதிக்கிறது. பற்றை விட்டவனுக்கே அது கூடும் என்பர். பற்றுடன் உழைக்கும் இல்லறத்தானுக்கும் அது கூடும் என்றே நான் நம்புகிறேன். ஏனெனில், பெடை ஏற்றுக் குடிபுகுந்த கூட்டை முடித்தபின்னும், அந்த ஆண் மற்றொரு கூட்டுக்கு நார் கிழிக்கவே செல்கிறது.