கொடுப்பவர் யார்?

தொண்டு செய்வதற்காக ஆப்பிரிக்க நாடு ஒன்றிற்குப் புறப்படவிருந்த இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் காண வந்திருந்தார். படித்தவர், பக்தியும் பணிவும் உள்ளவர். "அந்த மக்களுக்கு என்னால் என்ன கொடுக்க முடியும் என்பதுதான் இரவும் பகலும் என் கவலை, ஐயா" என்றார். நல்ல கவலைதான். ஆயினும் அதற்கு முன்பே எழ வேண்டிய வேறொரு கேள்வி அவர் மனத்தில் எழவில்லையே என்று எனக்குத் தோன்றியது. 'அவர்கள் எனக்கு என்ன கொடுக்கப் போகிறார்கள்?' என்பதே அந்தக் கேள்வி. கேட்கும்போது சுயநலம்போல் ஒலிக்கும். சகோதரி நிவேதிதையின் தொடக்க நாட்களை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அயர்லாந்தில் 1867-ஆம் ஆண்டு பிறந்த மார்கரெட் நோபிள், கிறிஸ்தவ மதபோதகர் ஒருவரின் மகள். ஆசிரியையாகப் பணியாற்றியவர், குழந்தைக் கல்வியில் புதிய முறைகளைக் கையாண்டு லண்டனில் பள்ளியும் நடத்தியவர். 1895-இல் அங்கே சுவாமி விவேகானந்தரைச் சந்தித்தார். 1898 ஜனவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் வந்திறங்கியபோது அவருக்கு வயது முப்பது. மார்ச் 25-இல் சுவாமிஜி அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, நிவேதிதை என்று பெயரிட்டார்.

அவர் வந்தது, தம் இனத்தவர் ஆண்டுகொண்டிருந்த நாட்டிற்கு. ஆள்பவரின் கை எப்போதும் மேலேதான் இருக்கும். கொடுக்கும்போதும் அது மேலேயே இருந்துவிடும். மற்றவர்களைவிட சுவாமிஜி இந்த அபாயத்தை நன்கு அறிந்திருந்தார். தீட்சைக்குப் பிறகு ஒருநாள், 'இப்போது நீ எந்த நாட்டைச் சேர்ந்தவள்?' என்ற பொருள்பட அவரிடம் கேட்டார். பிரிட்டிஷ் கொடியின்மீது சிஷ்யை கொண்டிருந்த பற்று பதிலில் வெளிப்பட்டபோது சுவாமிஜி வியப்புற்றார். அதே ஆண்டு அல்மோராவில் தங்கியிருந்த நாட்களில், குருவுக்கும் சிஷ்யைக்கும் இடையே இதன் பொருட்டு எழுந்த மனப்போராட்டம் கடுமையானது. தாம் பட்ட வேதனையை நிவேதிதையே பின்னாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிற்குத் திரும்பிய அவர், பாக்பஜாரில் போஸ்பாரா சந்தில் அன்னை ஸ்ரீசாரதாதேவியின் இல்லத்தில் சில நாட்கள் தங்கினார். அன்னை அந்தணக் குலத்தவர், விதவை, கிராமத்துச் சுற்றமும் ஆசாரமும் சூழ வாழ்ந்தவர். கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தம்முடன் வைத்துக்கொள்வதற்கு அன்றைய சமூகம் விதிக்கக்கூடிய தண்டனை சிறியதன்று. அதன் விளைவு ஜெயராம்பாடியில் உள்ள உறவினர் வரை எட்டக்கூடும். அன்னையோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகளே என்று ஏற்றுக்கொண்டார். அந்த மார்ச் மாதத்திலேயே, முதல் சந்திப்பில், மேலைநாட்டுப் பெண்களுடன் சேர்ந்து அவர் உணவருந்தியிருந்தார்.

தாம் அங்கே தங்கியதால் மற்றவர்களுக்கு நேரவிருந்த சங்கடத்தை அப்போது தாம் உணரவே இல்லை என்று நிவேதிதை பின்னர் எழுதினார். நம் கேள்விக்கு வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. தாயகத்தையும் உற்றாரையும் துறந்து வந்தவர் அவர். தியாகம் செய்தவர் தாம் என்று நினைக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அவர் அறியாமலேயே அவருக்காக வேறொருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதே சந்தில் 16-ஆம் எண் வீட்டை எடுத்துக்கொண்டார். வேலைக்கு ஒரு மூதாட்டி வந்தார், ஒரு நிபந்தனையுடன். சமையலறைக்குள் நிவேதிதை நுழையக் கூடாது. அடுப்பையும் தண்ணீரையும் தொடக் கூடாது. தம் வீட்டு அடுப்பைத் தொடத் தமக்கே உரிமையில்லாமல் அவர் குடித்தனம் தொடங்கினார். இத்தகைய ஆசாரத்தை நான் நியாயப்படுத்த வரவில்லை; அது போக வேண்டியதே. ஆனால் வந்தவர் எதிரே இரண்டு வழிகள் இருந்தன. 'இவர்களைத் திருத்த வேண்டும்' என்று முதல் நாளே தொடங்கலாம். அல்லது, அந்நியர் வீட்டில் வேலை செய்கிறாள் என்ற பேச்சைத் தாங்கிக்கொண்டு ஓர் ஏழைக் கிழவி வந்திருக்கிறாளே என்று நன்றியோடு நினைக்கலாம். நிவேதிதை நிபந்தனைக்கு உடன்பட்டார்.

1898 நவம்பர் 13, காளி பூஜை நாளில், அன்னையின் ஆசியுடன் அந்த வீட்டில் பெண்கள் பள்ளி தொடங்கியது. பணம் எப்போதும் போதவில்லை. லண்டனில் கற்ற முறைகளைக் கொண்டுவந்தவர், வங்காளத்துப் பெண்கள் தரையில் இடும் அல்பனாக் கோலத்தில் ஒரு நாட்டின் கலையைக் கண்டு வியந்தார். கற்பிக்க வந்தவர், கற்றுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு தடை எழும். தொண்டை ஏற்பவர் நமக்கு நன்மை செய்கிறார், நாமே அவருக்கு நன்றி கூற வேண்டும் என்பது சுவாமிஜியின் கர்மயோக போதனை. இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எளிதில் தலையாட்டியும் விடுகிறோம். ஆனால் துன்பத்தில் துடிக்கும் ஒருவரிடம் போய், 'என் மனம் தூய்மையடைய நீ ஒரு வாய்ப்பு' என்று நினைப்பது கொடுமையல்லவா? அவருடைய நோய் நம் ஆன்மிக முன்னேற்றத்திற்கு ஒரு படிக்கட்டா? இந்தக் கேள்வியை மழுப்பிவிடக் கூடாது.

1899-இல் கல்கத்தாவில் பிளேக் மீண்டும் பரவியது. மார்ச் 31-இல் ராமகிருஷ்ண மிஷன் நிவாரணப் பணியைத் தொடங்கியது. நிவேதிதை செயலாளர், சுவாமி சதானந்தர் துப்புரவுப் பணியின் தலைவர். பாக்பஜார், ஷ்யாம்பஜார் குடிசைப் பகுதிகள் சுத்தம் செய்யப்பட்டன. நோயின் கிருமி 1894-இலேயே கண்டறியப்பட்டிருந்தது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று 1898-இல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் கூறியதை உலகம் இன்னும் ஏற்கவில்லை. எனவே நோயாளியின் அருகே செல்பவர், சாவின் அருகே செல்வதாகவே எண்ணினார்கள். துப்புரவுப் பணியாளர்கள் கிடைக்காத ஒருநாள், கையில் துடைப்பமும் கூடையுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் தெருவைப் பெருக்கியதையும், அதைக் கண்டு வெட்கமுற்ற இளைஞர்கள் துடைப்பத்தை எடுத்ததையும் வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் நினைவுகூர்ந்திருக்கிறார்.

டாக்டர் ஆர்.ஜி. கர் கூறியது இதைவிட ஆழமானது. ஒருநாள் நண்பகலில் அவர் வீடு திரும்பியபோது வாசலருகே நிவேதிதை காத்திருந்தார். பாக்பஜார் குடிசை ஒன்றில் பிளேக் கண்ட குழந்தையைக் காலையில் மருத்துவர் பார்த்திருந்தார். அதன் நிலையை அறிய வந்திருந்தார் அவர். நிலைமை மோசம் என்று சொல்லி, எச்சரிக்கையாக இருக்கும்படியும் மருத்துவர் கூறினார். மாலையில் அவர் மறுபடி சென்றபோது, ஈரம் கசிந்த, இடிந்துகொண்டிருந்த அந்தக் குடிசையில் குழந்தையை மடியில் வைத்தபடி நிவேதிதை அமர்ந்திருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தபோது ஏணியில் ஏறித் தாமே அடித்தார். பிழைக்காது என்று தெரிந்த பிறகும் பணிவிடை நிற்கவில்லை. இரண்டு நாட்களுக்குப் பின் குழந்தை அவர் மடியிலேயே உயிர் நீத்தது.

தம் ஆன்ம லாபத்தைக் கணக்கிடுபவர் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். பிழைக்கக்கூடிய இடத்திற்கு, பலன் தெரியும் இடத்திற்கு எழுந்து போயிருப்பார். அந்தக் குழந்தை அவருக்கு வாய்ப்பு அல்ல. அது ஒரு குழந்தை, அவ்வளவே. நன்றி என்பது அந்தத் துன்பத்திற்காக அன்று; அந்தக் குடிசையின் கதவு தமக்குத் திறந்ததற்காக. கொள்ளைநோய்க் காலத்தில் அதிகாரிகளைக் கண்டாலே மக்கள் அஞ்சி ஓடினார்கள். ஆள்பவரின் இனத்தைச் சேர்ந்த ஒருத்தியிடம், சாகக் கிடக்கும் குழந்தையை நம்பி ஒப்படைத்தது ஓர் ஏழைச் சேரி. அந்த நம்பிக்கைக்கு ஈடாக அவரிடம் கொடுக்க என்ன இருந்தது?

ஆகவே தொண்டரின் பணிவு என்பது நாம் அணிந்துகொள்ளும் ஓர் அழகிய நற்குணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது சரியாக எழுதப்பட்ட வரவு செலவுக் கணக்கு. வரவுப் பக்கத்தைப் பார்க்காதவருக்கே, தாம் கொடுத்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். சில ஆண்டுகளில் சலிப்பும், 'இந்த மக்களுக்கு நன்றியே இல்லை' என்ற கசப்பும் வரும். வெளிநாட்டில் மட்டுமன்று, நம் ஊர் மருத்துவமனையிலும் பள்ளியிலும் இதைப் பார்க்கிறோம்.

அந்த இளைஞரிடம் இவ்வளவும் சொன்னேனா என்றால், இல்லை. அங்கே போனதும் முதல் மாதம் யார் வீட்டில் தங்குவீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துத் தருவதாக எழுதியிருக்கிறதாம். அந்த அறையில் இதுவரை யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விசாரித்து எழுதுகிறேன் என்றார்.

போஸ்பாரா சந்தில் இன்னொன்றும் நடந்தது. கோபாலின் அம்மா என்று பக்தர்கள் போற்றும் அகோரமணி தேவி, ஸ்ரீராமகிருஷ்ணரையே குழந்தைக் கோபாலனாகக் கண்டவர். ஆசாரத்தில் மிகக் கடுமையானவர். முதுமையில் தளர்ந்த அவர் 1903-இன் இறுதியில் நிவேதிதையின் வீட்டிற்கே வந்து தங்கினார். உணவுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. அதில் இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இரண்டரை ஆண்டுகள் நிவேதிதை அவருக்கு மகளாக இருந்தார். இறுதிநாள் நெருங்கியபோது, முதியவரின் கட்டிலைத் தம் கையாலேயே மலர்களால் அலங்கரித்து, வெறுங்காலுடன், கண்ணீர் பெருகக் கங்கைக்கரைக்கு உடன் நடந்தார். 1906 ஜூலை 8-ஆம் நாள் விடியற்காலையில், கங்கையின் நீர் தொடும் இடத்தில், கோபாலின் அம்மாவின் உயிர் பிரிந்தது.