கல்பும் கல்லாவும்



ஒரு மனிதரின் இருதயத்தை எடுத்து மற்றொரு மனிதருக்குப் பொருத்தும் வைத்தியத்தை, உலகில் முதன்முதலாக 1967 டிசம்பர் 3-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் செய்து காட்டினார் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட். நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். ஆயினும் டாக்டரின் பெயர் எட்டுத் திக்கும் பரவிற்று. மூட்டுவாதம் கைகளைத் தாக்கவே, 1983-ல் அறுவைக் கத்தியைக் கீழே வைத்தார். பின்னர் ஆரோக்கிய போதகரானார். இருதயத்தைக் காக்க ஐம்பது வழிகள் கூறும் நூல் 2001-ல் வெளிவந்தது, அவ்வாண்டே காலமானார்.

இடையே ஒரு சறுக்கல். முதுமையைத் தடுக்குமென்று விற்ற 'கிளைசெல்' என்னும் விலையுயர்ந்த முகப்பூச்சுக்கு 1986-ல் தம் பெயரைக் கொடுத்தார். வைத்திய உலகில் அவர் மதிப்புக் குறைந்தது.

சகோதரர்களே! பெயரும் ஓர் அமானத்து. சிராங்கூன் ரோட்டில் நம் கடைக்கு வரும் பெரியவர், "பாய், இந்தக் கருஞ்சீரக எண்ணெய் நெஞ்சு வலிக்குக் கேட்குமா?" என்கிறார். ஹதீஸைச் சொல்லி நாம் விற்க, டாக்டர் தந்த மாத்திரையை அவர் நிறுத்திவிட்டால் பாவம் யாருக்கு?

நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள். நம் பேச்சுக்குள்ளும் ஈரம் இருக்கலாகாது.

"நல்ல எண்ணெய்தான் ஐயா; ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்" என்போம். ஒரு போத்தல் விற்காமற் போகலாம்; பரக்கத்துப் போகாது.

வல்ல அல்லாஹ் நம் கல்பையும் கல்லாவையும் சுத்தமாக்கி வைப்பானாக! ஆமீன்.