விரிசல் விழும்போதே இருவரை அழையுங்கள்

  

அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத் சொல்லி இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதைப் பிணைத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். திருச்சுழிப் பக்கம் கண்மாய்க் கரையில் கசிவு கண்டால் அன்றைக்கே மண் போடுவார்கள். ஆனால் கணவன் மனைவிக்குள் விரிசல் விழுந்தால் என்ன செய்கிறோம்? "வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்று மூடி வைக்கிறோம். தலாக், குலா என்று முற்றிய பிறகுதான் ஜமாஅத்துக்கு வருகிறோம்.

அல்லாஹ் காட்டும் வழி இதுவல்ல. அந்நிஸா அத்தியாயத்தின் 35வது வசனத்தைப் பாருங்கள். பிளவு வந்துவிடுமோ என்ற அச்சம் ஏற்படும்போதே, கணவன் குடும்பத்தில் ஒருவரையும் மனைவி குடும்பத்தில் ஒருவரையும் நடுவராக ஏற்படுத்தச் சொல்கிறான். அதுவும் யாரிடம் சொல்கிறான்? சுற்றியிருக்கும் நம்மிடம் சொல்கிறான். இருவரும் சீர்திருத்தத்தை நாடினால் இணக்கத்தைத் தருவது தன் பொறுப்பு என்கிறான்.

2002ல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே எடுத்துக் காட்டியது. தலாக்கிற்கு நியாயமான காரணம் வேண்டும், அதற்கு முன் இரு தரப்பிலும் ஒவ்வொரு நடுவர் வைத்து சமாதான முயற்சி நடந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் வேதம் சொன்னதை நீதிமன்றம் நமக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று!

சரி, நடுவராகப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? புகாரியில் வரும் இரண்டு சம்பவங்கள் போதும்.

ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் மகள் ஃபாத்திமா (ரலி) வீட்டுக்கு வந்தார்கள். அலி (ரலி) அங்கே இல்லை. இருவருக்கும் ஏதோ மனவருத்தம். யார் மீது தவறு என்று நபியவர்கள் விசாரணை நடத்தவில்லை. மருமகனைத் தேடிப் போனார்கள். பள்ளிவாசலில் மண் ஒட்டப் படுத்திருந்தவரின் உடம்பைத் தட்டிவிட்டு, "மண்ணின் தந்தையே" என்று செல்லமாக அழைத்து எழுப்பினார்கள். மகளைப் பெற்றவர்களே, நம்மில் எத்தனை பேர் இப்படி?

இன்னொன்று, பரீரா (ரலி) அவர்களுடையது. பிரிந்துவிட்ட கணவர் முகீஸ் அழுதுகொண்டே பின்னால் வந்தார். நபியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்றார்கள். எனக்கு அவர் வேண்டாம் என்றார். நபியவர்கள் வற்புறுத்தவே இல்லை.

ஆனால் நம் பஞ்சாயத்துகளில் என்ன நடக்கிறது? பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே, "பொறுத்துப் போம்மா" என்று அனுப்பிவிடுகிறோம். அது சமாதானம் அல்ல, வாயடைப்பு. இரண்டு பேரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள்.

சொந்தக்காரர்களே சண்டையின் ஒரு பகுதியாக இருந்தால்? அப்போது படித்த, பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். 'கவுன்சிலிங்' என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் கேட்கப் பழக்குவார்கள். பணமா, மாமியாரா, வெளிநாட்டுப் பிரிவா, எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுவார்கள். வழக்கு வரை போய்விட்டாலும், 1984ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி நீதிபதி முதலில் சமரசத்துக்குத்தான் முயல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அடி, உதை இருக்கும் வீட்டுக்கு ஆலோசனை சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அந்தப் பெண்ணின் உயிரும் உடலும் பாதுகாக்கப்பட வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள்.

இன்று தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேளுங்கள்: "என்னால் உனக்கு ஏதாவது மனக்கஷ்டம் இருக்கிறதா?" பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். முடியவில்லை என்றால் நம்பிக்கையான இருவரை அழையுங்கள். உதவி கேட்பதில் வெட்கமில்லை.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களில் அன்பையும் கருணையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.