கல்லாவில் விழித்திருக்கும் கண் கைப்பேசியில் தூங்கலாமா?

"நமக்கெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒத்து வராதுங்க. பையன் வந்து பார்த்துக்குவான்."

இந்தப் பேச்சை இன்றோடு தலைமுழுகுங்கள்!

500 ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்த மாத்திரத்தில் நல்லதா கள்ள நோட்டா என்று சொல்லிவிடுகிறவர் நீங்கள். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைவைப் பிடிப்பவர் நீங்கள். முதல் தடவையாகக் கடன் கேட்டு வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசியே, கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு கட்டுபவரும் நீங்கள்தான். இந்தக் கண்ணை எந்தக் கல்லூரி உங்களுக்குத் தந்தது? பட்ட நட்டம் தந்தது, தொழில் தந்தது. சைபர் பாதுகாப்பு என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அதில் முக்கால் பங்கு இந்தக் கண்தான். அதைக் கைப்பேசிக்குள்ளும் திறந்து வையுங்கள்!

நம்ம கடைக்கு யார் வரப்போறான்?

இதுதான் அடுத்த சாக்கு. 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் திருடு போயின. திருடன் எந்த வழியாக உள்ளே போனான் தெரியுமா? அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடித்தான் போனான். நீங்களும் யாரோ ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு கொடுப்பவர்தானே? அப்படியானால் உங்கள் கடவுச்சொல்லுக்கும் விலை உண்டு.

2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை என்ற நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. அது பெயர்ப்பலகை பார்த்து வரவில்லை. ஓட்டை இருந்த கணினிகளில் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. அதைப் போட்டவர்கள் பிழைத்தார்கள். திரையில் 'அப்டேட்' என்று வரும்போதெல்லாம் 'அப்புறம்' என்று தள்ளிவிடும் விரல் உங்களுடையது என்றால், இன்றே அதற்குக் கடிவாளம் போடுங்கள்.

சந்தேகம் உங்கள் ஆயுதம்

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 95 கோடி டாலர் வரை சுருட்டத் திட்டமிட்டது ஒரு கும்பல். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயே விட்டது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலரோ திரும்பி வந்தது. காரணம், பெயரில் இருந்த எழுத்துப்பிழை. வங்கி ஊழியர்கள் அதைப் பார்த்து, "இது சரியாகப் படவில்லையே" என்று விசாரித்தார்கள். அந்த ஒரு கேள்வி 2 கோடி டாலரை மீட்டது! அதைக் கேட்க எந்தப் பொறியியல் பட்டம் வேண்டும்?

நீங்களும் கேளுங்கள். வாடிக்கையாகச் சரக்கு அனுப்புகிறவரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வருகிறதா? அதில் இருக்கும் எண்ணைத் தொடாதீர்கள். உங்கள் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். "பணம் போட்டாச்சு அண்ணாச்சி" என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறாரா? சவுண்ட் பாக்ஸ் சொல்லட்டும், இல்லையென்றால் உங்கள் கணக்கில் ஏறியதைப் பாருங்கள்; அதுவரை சரக்கு மேசையிலேயே இருக்கட்டும். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடின் மேல் இரவோடு இரவாக வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காலையில் ஒருமுறை நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

யுபிஐ பின் எண் பணம் கொடுக்கத் தேவை. வாங்குவதற்குத் தேவையே இல்லை. "பணம் வர பின்னைப் போடுங்க" என்பவன் திருடன். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு ஒரு செயலி. திறந்து நிறுவினால் உங்கள் ஃபோன் திருடன் கைக்குப் போய்விடலாம். வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் துண்டித்துவிடுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

இவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "உடனே! இப்பவே! யாரிடமும் சொல்லாதே!" அவசரப்படுத்துகிறவனிடம் நீங்கள் என்றைக்காவது சரக்கு வாங்கியதுண்டா? அப்புறம் இவனிடம் மட்டும் ஏன் பதறுகிறீர்கள்?

நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும்

முதலில் மின்னஞ்சலைப் பூட்டுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. கடை பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லைத் தூக்கிப் போடுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். ஒன்றை ஓரிடத்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப் இரண்டிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். வேலைக்கு இருப்பவர்களுக்குத் தனித்தனி லாகின் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டால் கணக்கு முடிக்கும் அன்றே அவர் லாகினையும் முடியுங்கள். பில் போடும் கணினியில் சினிமா வேண்டாம். யாரோ கொண்டுவரும் பென் டிரைவும் வேண்டாம்.

அடுத்தது பேக்கப். பத்து வருடக் கணக்கும் ஒரே கணினியின் டேலியில் கிடக்கிறதா? 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சு நிரல் உக்ரைனின் ஒரு கணக்கு மென்பொருள் வழியாகப் புறப்பட்டு, உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கைச் சாய்த்தது. கணினி வலையமைப்பின் அடிப்படைப் பதிவு பழுதில்லாமல் மிஞ்சியது கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! அந்தப் பதிவை வைத்துக்கொண்டு 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக எழுப்பினார்கள்.

நீங்கள் மின்வெட்டை நம்ப வேண்டியதில்லை. கேபிளைப் பிடுங்கினால் போதும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். நகலெடுத்ததும் கழற்றி விடுங்கள், ஏனென்றால் கணினியோடு இணைந்தே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். மாதம் ஒருமுறை அதிலிருந்து கணக்கைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

ஏமாந்தால் எழுந்து நில்லுங்கள்

எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் ஒருநாள் சறுக்கலாம். அப்போது "ஊர் சிரிக்குமே" என்று வாயை மூடாதீர்கள்! உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீளும். நீங்கள் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம். கடைப் பையன் "தப்பா ஒண்ணை அமுக்கிட்டேன் முதலாளி" என்று வந்து நின்றால் திட்டாதீர்கள். இன்று திட்டினால், அடுத்த முறை மறைத்துவிடுவான்.

2016-இல் யுபிஐ வந்தபோது "இதெல்லாம் நம்ம ஊரில் நடக்குமா?" என்று கேட்டீர்கள். இன்று பத்து ரூபாய்க்கும் கியூஆர் நீட்டுகிறீர்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது தலையில் கை வைத்தீர்கள். இன்று உங்கள் ஆடிட்டரையே கேள்வி கேட்கிறீர்கள். அவற்றையெல்லாம் கற்ற மூளைக்கு இது மட்டும் ஏறாதா?

ஏறும்! நீங்கள் கற்றதைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள். வணிகர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். விழித்திருக்கும் ஒரு கடையைத் திருடன் தாண்டிப் போவான். ஒரு கடைவீதியே விழித்திருந்தால் அவன் போக இடமேது? வியர்வை சிந்திச் சேர்த்த காசு உங்களுடையது. அதைக் காக்கும் அறிவும் உங்களுடையதே. எடுங்கள் ஃபோனை, மாற்றுங்கள் அந்தப் பழைய கடவுச்சொல்லை. இப்போதே!