சேதி கிடக்கும் இடம்

அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலுக்கு வந்த குழந்தையின் உடம்பில் எது அசுத்தம்? சாதியைக் கேட்டால் ஒரு பதில் சொல்லும், மருத்துவத்தைக் கேட்டால் வேறு. குடலில் கத்தி வைத்த பிள்ளைக்குக் காற்றுப் பிரிந்து பீ வந்துவிட்டால் குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைத்திருக்கலாம், உடனே பார்க்கணும். சின்னப் பிள்ளைக்கு மூத்திரம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 மில்லியாவது இறங்கணும். ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில்தான் பிள்ளை தேறுமா என்கிற சேதி கிடக்கிறது. அதை முதலில் பார்க்கிறவர்கள் துணி மாற்றுகிற தாயும், அழுக்கை எடுத்துப்போகிற துப்புரவுப் பெண்ணும். அவர்கள் பார்த்ததற்கு அறிவு என்று பேர் உண்டா?

சில குழந்தைகள் ஆசனவாய் இல்லாமலே பிறக்கின்றன. ஏறத்தாழ 5000 பிறப்புக்கு ஒன்று. பலருக்கு முதலில் வயிற்றில் திறப்பு வைத்துப் பெருங்குடலை வெளியே கொண்டுவருவார்கள். பிறகு ஆசனவாய் அமைத்து, கடைசியில் வயிற்றுத் திறப்பை மூடுவார்கள். அதுவரை மாதக்கணக்கில் பீ வயிற்று வழியாகத்தான். ஒட்டுகிற பை உண்டு, ஆனால் விலை நமக்குக் கட்டாது. நம்ம சனம் பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத்தான் கட்டுகிறது.

என் தங்கை மகனுக்கு 2011இல் ஓர் அரசு மருத்துவமனையில் இப்படித்தான் செய்தார்கள். வெளியே தெரியும் குடல் சிவப்பாக, ஈரமாக இருக்கணும். இரண்டாம் நாள் ராத்திரி துணி எடுக்க வந்த துப்புரவு அம்மா நின்று பார்த்தார். "ஏந்தாயி, நேத்து இந்த நெறம் இல்லியே, கருக்குதே" என்றவர், அவரே போய்ச் சொன்னார். "ஒன் வேலயப் பாரு" என்று பதில் வந்தது. தங்கை கூப்பாடு போட்ட பிறகுதான் மருத்துவர் வந்தார். ரத்த ஓட்டம் நின்று போயிருந்தது. திரும்பவும் அறுவை, பிள்ளை பிழைத்தான். (அந்தச் செவிலியரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு வார்டு முழுக்க அவர் ஒருத்தர்தான்.) தோல் புண்ணாகாமல் எப்படிக் கட்டுவது என்று தங்கைக்குக் காட்டிக்கொடுத்ததும் அந்தத் துப்புரவு அம்மாதான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 'தாய்க்கு விளக்கப்பட்டது' என்றிருந்தது.

குழுவாகச் சேர்ந்து பராமரிப்பது பற்றி நிறையப் பேசுகிறார்கள். காலையில் மருத்துவர் குழு கட்டிலைச் சுற்றி நிற்கும்போது தாயையும் துப்புரவு அம்மாவையும் வெளியே போகச் சொல்கிறார்கள். இங்கே சுத்தத்தைவிடப் படிநிலையே காக்கப்படுகிறது. வெறும் வேலைப் பிரிவினை வேறு, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் 1936இல் காட்டினார். அதே ஆண்டு காந்தி 'ஹரிஜன்' இதழில் மலம் அள்ளுகிறவரைத் தாயோடு ஒப்பிட்டு எழுதினார். தாய் தன் பிள்ளைக்குச் செய்கிறாள், பிள்ளை வளர்ந்ததும் அந்த வேலை முடிகிறது. மலம் அள்ளுகிறவருக்கு முடிவதில்லை, மகளுக்கும் வந்து சேர்கிறது. அவருக்கு அறிவு உண்டு என்று நான் சொல்வதை, 'அப்போ அவங்களே அள்ளட்டும்' என்று யாரும் திருப்பிவிட வேண்டாம்.

குடும்பப் பராமரிப்பு என்கிற சொல்லும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் பெற்றோரை உள்ளே விடாத காலத்தில், குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தனியே இருந்த இரண்டு வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் படமெடுத்தார். 1952இல் அதைக் காட்டியபோது மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. 1959இல் பிளாட் அறிக்கை தாயை உடனிருக்க விடச் சொன்னது. நம்ம தாய் உடனேதான் இருக்கிறாள், கூலி போய், தரையில் படுத்து. ஆள் பற்றாக்குறையை அவள் பாசத்தை வைத்து அடைக்கிறார்கள்.

'எல்லாரும் சொல்றதக் கேட்டா வைத்தியம் நடக்குமா?' என்பார்கள். முடிவெடுக்கச் சொல்லவில்லை. பணி மாறும் நேரத்தில் 'என்ன பாத்தீங்க?' என்று இருவரையும் கேட்டு, சொன்னதை அந்தத் தாளில் எழுதட்டும். தாய் சொல்லிவிடுவாள். துப்புரவு அம்மாவோ ஒப்பந்தக் கூலி. வாயைத் திறந்தால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.