இரண்டு கைச்சாத்துகள்

1980 ஜூலையில் நாடெங்கும் அரச ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது என் வாப்பா வேலைக்குப் போனார். ஓர் அரச திணைக்களத்தில் கடைநிலை ஊழியர் அவர். காலையில் போய் வரவுப் பதிவேட்டில் கைச்சாத்திட்டார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளி போகவில்லை. வாப்பாவின் உத்தியோகம் தங்கிற்று. கூட்டாளியின் உத்தியோகம் போயிற்று. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. வாப்பாவின் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன், ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். இன்று வவுனியா மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாக இருக்கிறேன்.

மௌத்தாவதற்கு முந்திய வருடம், ஒரு நோன்பு நாளின் பின்னேரத்தில்தான் வாப்பா இதை எனக்குச் சொன்னார். கூட்டாளி பிறகு விறகு வெட்டி வண்டியில் கொண்டுபோய் விற்றாராம். வழியில் கண்டால் சிரிப்பாராம். "அவன் என்னை ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும், மகன்" என்றார் வாப்பா.

பலர் துணிந்து நின்று இழந்த இடத்தில், துணியாமல் இருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டவனுக்கு ஏதாவது பொறுப்பு உண்டா? அவன் பிள்ளைக்கு உண்டா? வாப்பா விட்டுப்போன இந்தக் கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இளைய வாசகர்களுக்காக அந்த வேலைநிறுத்தத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1977 இல் பதவிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. மானியங்கள் வெட்டப்பட்டன, சாமான்களின் விலை ஏறியது. தொழிற்சங்கங்கள் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டன. 1980 ஜூன் 5 ஆம் திகதி நடந்த தொழிற்சங்க மறியலின்போது டி. சோமபால என்ற தொழிற்சங்கவாதி தாக்கப்பட்டு உயிரிழந்தார். ஜூலையில் பொது வேலைநிறுத்தம் வந்தது. அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்து, வேலைக்கு வராதவர்கள் தாமாகவே பதவியை விட்டு விலகியவர்கள் என்று அறிவித்தது. ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். வறுமை தாங்காமல் தற்கொலை செய்துகொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இதே நாட்டில் 1953 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்கு எதிராக எழுந்த அந்த எதிர்ப்பின் பின் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1953 இல் அரசாங்கம் உழைப்பவர்களுக்குப் பயந்தது. 1980 க்குப் பிறகு உழைப்பவர்கள் அரசாங்கத்துக்குப் பயந்தார்கள். அந்தப் பயத்தின் மீதுதான் பிறகு வந்த விற்பனைகள் எல்லாம் நடந்தன என்பது என் எண்ணம். 1987 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் கூட்டுத்தாபனங்களைக் கம்பனிகளாக மாற்ற வழி திறந்தது. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. 1997 இல் டெலிகொம், 1998 இல் எயார்லங்கா ஆகியவற்றின் பங்குகள் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு விற்கப்பட்டன. எதிர்ப்பு இல்லாமலில்லை, நாட்டை நிறுத்தும் எதிர்ப்புத்தான் இருக்கவில்லை. 2003 இல் விற்கப்பட்ட காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 2009 இல் அரசுக்குத் திரும்பியதென்றால், அது உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பினால்.

வன்னிக்கு இந்தக் கதை வேறு வழியாக வந்தது. எங்களிடம் எதையும் விற்க வேண்டியிருக்கவில்லை. ஆனையிறவில் உப்பு விளைந்தது. அந்த உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்தது. ஒட்டுசுட்டானில் அரசின் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. எல்லாவற்றையும் போர் நிறுத்திவிட்டது. தொழிற்சாலை போனபோது, சேர்ந்து நின்று கேட்கலாம் என்ற பழக்கமும் கூடவே போய்விட்டது. 2009 இல் போர் முடிந்த பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. காலையில் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. வேலை கிடைத்ததே பெரிய காரியம் என்றிருந்த ஊரில் சங்கம் என்ற சொல்லைச் சொல்ல ஆளில்லை. தகப்பனும் தமையனும் இல்லாத வீடுகளிலிருந்து போகும் பெண்பிள்ளைகளுக்கு, முன்னே நின்றவர்களின் கதையைச் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி என்னிடம் படித்தவள். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறிப் போனதால் வேலைக்குப் போனாள். நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான்தான். 2020 இல் கொரோனாவுக்காக நாட்டை மூடியிருந்த காலத்தில் தொழில் அமைச்சும் முதலாளிமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலைக்கு அழைக்கப்படாதவர்களுக்கு மே, ஜூன் மாதங்களில் அடிப்படைச் சம்பளத்தில் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தனக்கும் கூட வேலை செய்யும் மூவருக்கும் கிடைத்த காசு அதைவிடக் குறைவு என்று அவள் சொன்னாள். நால்வரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள்.

"சேர், இதில எழுத்துப் பிழை இருந்தாப் பாத்துத் தாங்கோ" என்றாள். பிறகு தயங்கி, "ஊரில தெரிஞ்ச ஒராள் எண்டு நீங்களும் கீழ ஒரு கையெழுத்து வைப்பீங்களோ?" என்றும் கேட்டாள்.

பிழைகளைத் திருத்தினேன். இரண்டு வசனங்களைச் செப்பமாக்கினேன். கைச்சாத்திடவில்லை. "நான் அரசாங்க உத்தியோகத்தன், பிள்ளை. தாபனக் கோவையில இதுக்கு இடமில்லை" என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அன்றும் நான் தேடிப் பார்க்கவில்லை, அதன் பிறகும் தேடவில்லை. கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வருடம் நான் வேலைநிறுத்தம் செய்தேன். 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை, 1997 இலிருந்து தீராதிருந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படி கேட்டு நாடெங்கும் அதிபர்களும் ஆசிரியர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றோம். எங்களுக்குச் சங்கங்கள் இருந்தன. எங்களை வெளியே போடவும் முடியவில்லை. 2022 ஜனவரியிலிருந்து சம்பளம் கூடிற்று. எங்கள் கோரிக்கை நியாயமானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்றரை மாதமும் பாடமில்லாமல் இருந்த என் வகுப்பில் அவளுடைய தம்பியும் ஒருவன். ஒருநாள் கடையடியில் கண்டபோது அவள் முறையிடவில்லை. "சேர், நீங்கள் வெல்ல வேணும். நீங்கள் வெண்டாத்தான் மற்ற ஆக்களுக்கும் கேக்கலாம் எண்டு வரும்" என்றாள்.

வென்றோம். மற்றவர்களுக்காக எதையும் கேட்கவில்லை.

2023 இல் அது இன்னும் தெளிவாகிற்று. நாடு வங்குரோத்தான பின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளை அது தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகள்தான் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டி முறிகளாக மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1958 இல் உருவான சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருக்கும் பெண்ணுக்கு முதுமையில் இருக்கும் பெரிய சொத்து அது. எனக்கு அரச ஓய்வூதியம் உண்டு. என் தட்டில் ஒரு பருக்கையும் குறையவில்லை. அதனால் நான் வீதிக்குப் போகவுமில்லை. பாராளுமன்றம் ஒரு சனிக்கிழமை கூடி அதை அங்கீகரித்தது. அடுத்த வாரம் நான் வழமைபோல் பள்ளிக்கூடம் போனேன். 2011 இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் தம் சேமலாப நிதியில் கைவைக்கிறது என்று கட்டுநாயக்க வலயத் தொழிலாளர்கள் எழுந்தபோது, ரொஷேன் சானக என்ற இளைஞர் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். சட்டமூலம் கைவிடப்பட்டது. அந்த நிதியைக் காக்க உயிர் கொடுத்தவர் இருந்தார். பன்னிரண்டு வருடத்தின் பின் ஒருநாள் லீவு போட நான் இல்லை. பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தி என்பது இதுதான்.

மறுபக்க நியாயங்களும் தெரியாமலில்லை. அரச கூட்டுத்தாபனங்கள் பல நட்டத்தில் ஓடின. சங்கங்கள் கட்சிகளின் வால்களாகிப் போயின. வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் நின்றால் முதலில் அடிபடுபவன் ஏழை. ஆடைத் தொழிற்சாலை வராதிருந்தால் என் மாணவிகள் வீட்டுப்பணிக்குக் கடல் கடந்திருப்பார்கள். ஆகவே தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அரசாங்கம் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனையிறவு உப்பளம் அரசின் கையில்தான் இருக்கிறது. 2025 மே மாதத்தில் அங்குள்ள தொழிலாளர்களும் தம் உரிமைகளைக் கேட்டுப் போராட வேண்டித்தான் இருந்தது. சொத்து யாருடையது என்பதைவிட, உழைப்பவர் சேர்ந்து நின்று கேட்க முடிகிறதா என்பதே பெரிய கேள்வி. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லி ஜும்ஆக்களில் கேட்டே வளர்ந்தோம். கொடுப்பவருக்குச் சொல்லப்பட்ட கடமை அது. கொடாதபோது கேட்பதற்கு ஒருவருக்கு நான்கு பேர் துணை வேண்டும். அந்தத் துணைக்குத்தான் சங்கம் என்று பெயர்.

வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் செய்தது குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. உம்மாவும் என் மூத்த இரண்டு பேரும் அந்தச் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். பயந்தவனைக் குற்றவாளியாக்குவது சுலபம். அவனைப் பயமுறுத்தியவர்கள் அதில் தப்பிக்கொள்வார்கள். ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்யாதவனும் கடன்படலாம். அந்த 40,000 பேர் வென்றிருந்தால் வாப்பாவின் சம்பளமும் 300 ரூபா கூடியிருக்கும். தோற்றதால் தண்டனை அவர்களோடு நின்றது. இலாபமானால் பங்கு, நட்டமானால் அவர்களுக்கு மட்டும் என்ற ஏற்பாட்டில் ஒருவன் பிழைத்திருந்தால், அவன் தலையில் ஒரு கடன் ஏறிவிடுகிறது. அதை அந்தக் கூட்டாளிக்குத் திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை. இன்று அவருடைய இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் கொடுக்கலாம். கடிதத்தோடு வந்தவள் அப்படி நின்ற ஒருத்தி. நான் எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொண்டேன். வாப்பா பயத்தில் ஒரு கைச்சாத்தை இட்டார். நான் பயத்தில் ஒரு கைச்சாத்தை இடாமல் விட்டேன். அவருக்கு 40,000 பேரின் வேலை போனது கண்முன் இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது பத்தாம், பதினோராம் வகுப்புகளில் குடியியற் கல்விப் பாடம் எடுக்கையில் சில விடயங்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். 1999 இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின்படி, தொழிலாளர்களில் 40 வீதத்தினரை அங்கத்தவர்களாகக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. 2016 இல் 10,000 ரூபாவாக இருந்த தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாயிற்று. சேமலாப நிதியில் யார் எவ்வளவு கட்ட வேண்டும், அதை எங்கே விசாரிக்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சைக்கு வருமா சேர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கடிதம் கொண்டுவந்தவள் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறாள். போன வருடம் தம்பியின் பெறுபேறு கேட்க வந்தபோது, அன்று நான் கைச்சாத்திட்டிருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

"அப்ப வைச்சிருந்தா உங்கட வேலைக்கு ஏதும் வந்திருக்கும் சேர். விடுங்கோ" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவள் என்னை ஏசியிருக்கலாம்.