ஓநாயின் பாவம் யாரைச் சேரும்?

ஓநாயாக மாறியவன் செய்யும் கொலைக்கு அவனே பொறுப்பா என்பது ஓநாய் மனிதக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. ரோமக் கவிஞர் ஓவிட் தம் ‘மெட்டமார்ஃபசிஸ்’ காவியத்தில் தயங்காமல் விடை சொல்கிறார். ஆர்கேடிய மன்னன் லைகேயன், விருந்தினராக வந்த ஜூபிடரைச் சோதிக்க நரமாமிசம் சமைத்துப் படைக்கிறான். அதற்குத் தண்டனையாக ஓநாயாகிவிடுகிறான்; நரைமுடியும் கண்ணில் தெறிக்கும் வெறியும் மட்டும் பழையபடியே இருக்கின்றன. இங்கே குற்றம் முந்தியது, உருமாற்றம் பிந்தியது. பிளேட்டோவும் ‘குடியரசு’ நூலின் எட்டாம் பகுதியில், கொடுங்கோலனாக மாறும் தலைவனுக்கு ஆர்கேடிய ஓநாயையே உவமை காட்டினார்.

கிறிஸ்தவத்தில் சிக்கல் கூடியது. படைக்கும் வல்லமை கடவுளுக்கு மட்டுமே என்றால், தீய ஆவிகள் மனிதனை எப்படி விலங்காக்கும்? ஆக்குவதில்லை, தோற்றம்தான் மயக்குகிறது என்று ‘கடவுளின் நகரம்’ 18ஆம் நூலில் புனித அகுஸ்தினார் முடிவு கட்டினார்.

இந்த முடிவுக்கு வந்த சுவையான சோதனை, வேல்ஸ் நாட்டு ஜெரால்டு 1188 வாக்கில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. காட்டில் இரவு தங்கிய குருவானவரிடம் ஓர் ஓநாய் வந்து பேசுகிறது. ஒரு மடாதிபதியின் சாபத்தால் தானும் தன் துணையும் இந்த உருவில் அலைவதாகவும், துணை சாகக் கிடப்பதாகவும் சொல்லி, அவளுக்கு நற்கருணை கேட்கிறது. கையில் இல்லையே என்று குரு சமாளிக்க, அவர் கழுத்தில் தொங்கும், நற்கருணை வைத்த சிறுபையை ஓநாய் சுட்டிக்காட்டுகிறது. பிறகு பெண் ஓநாயின் தோலைத் தலையிலிருந்து தொப்புள் வரை உரித்து விலக்க, உள்ளே ஒரு கிழவி. குரு நற்கருணை கொடுக்கிறார். இத்தகைய ஓநாயைக் கொன்றால் அது மனிதக் கொலையா என்று ஜெரால்டு கேட்கிறார். பிற்காலத்து எந்தத் திகில் நாவலும் இவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை.

நீதிமன்றங்களுக்கு இந்த நிதானம் எளிதில் வரவில்லை. ஓநாயாகிக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பீட்டர் ஸ்டும்பை 1589இல் ஜெர்மனியின் பெட்பர்கில் சித்திரவதை செய்து கொன்றார்கள். 1603இல் போர்டோ நீதிமன்றம் மட்டும், பிள்ளைகளைக் கொன்று தின்றதாக ஒப்புக்கொண்ட ழான் கிரெனியே என்ற சிறுவனை, வயதையும் மந்தபுத்தியையும் கருதி, மரண தண்டனை விதிக்காமல் மடத்துக்கு அனுப்பியது.

இருபதாம் நூற்றாண்டில் எழுத்தாளர் கை எண்டோர் கேள்வியையே ஊர்மேல் திருப்பினார். ‘பாரிஸின் ஓநாய் மனிதன்’ (1933) நாவலில் ஓநாய் மனிதனான பெர்த்ரான் பலிகொள்வது சிலரை. 1871இல் பாரிஸ் கம்யூனை ஒடுக்கியவர்கள் கொன்றது ஆயிரக்கணக்கானோரை. 1941இல் வந்த ‘தி உல்ஃப் மேன்’ திரைப்படமோ லைகேயன் கதையைத் தலைகீழாக்கியது. அதன் நாயகன் லாரி டால்பட் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்க் கடிபடுகிறான். ஓநாயான பிறகே கொலைகாரன் ஆகிறான். பின்வந்த ஓநாய்ப் படங்கள் பெரும்பாலும் லாரியின் வழியில்தான் போயின. நாயகன்மேல் இரக்கம் கூடியது. பாவம் யாருடையது என்ற விசாரணை நீர்த்துப்போனது.